சுண்டல் மட்டும் கொடுத்த கொலு

அம்பாளை நம்பும் என் சகோதரிகளே, 1998 நவராத்திரியில் அவள் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் புனே தேஹு ரோட்டில் குடியிருப்பவர்கள். வீட்டுக்காரருக்கு ராணுவ டிப்போவில் வேலை. 1996இல் நாத்தனார் கல்யாணத்துக்காக என் தாலிக் கொடியை நகைக்கடை சேட்டிடம் அடகு வைத்தோம். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாதபடி புடவையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு வருஷம் நடந்தேன். புனே குளிருக்குச் சரி, மே மாதத்துக்கு என்ன காரணம் சொல்வது?

தினமும் விளக்கேற்றி, எங்கிருந்தாவது பணம் வரவேண்டும் என்று வேண்டினேன். வந்தது. அடுத்த வருஷம் சம்பளக் கமிஷன் நிலுவைத் தொகை மொத்தமாகக் கைக்கு வந்தது. கலர் டிவி வாங்கினோம்! அம்பாள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

பிறகு சேட் கறாராகச் சொல்லிவிட்டார். வரும் தீபாவளிக்குள் ஆறாயிரம் கட்டி மீட்காவிட்டால் கொடியை விற்றுவிடுவாராம். அன்று நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்து, மகளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் செலவுக் கணக்கு எழுத ஆரம்பித்தோம். கேபிள் இணைப்பை வெட்டினோம். அவர் ஷேர் ஆட்டோவை விட்டு, ஓட்டைச் சைக்கிளைத் துடைத்து எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோழி முட்டையாக மாறியது. மளிகைக் கடையில் உதாரி என்கிற கடன் நோட்டை மூடி, கையில் காசு இருந்தால் மட்டும் வாங்கினேன். மிச்சமானதெல்லாம் அரிசி டின்னுக்குள் போனது. மாதங்கள் போய் நவராத்திரி நெருங்கியபோது எண்ணிப் பார்த்தேன். ஆறாயிரத்து நூறு. சந்தோஷத்தில் அரிசியைக் கீழே கொட்டிவிட்டேன்.

அப்புறம்தான் கொலு ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கொலு என்றால் வெற்றிலை பாக்கோடு பரிசும் கொடுக்கவேண்டும். ஒரு வருஷம் ஒருத்தி பிளாஸ்டிக் கூடை கொடுத்தாள். அடுத்த வருஷம் இன்னொருத்தி எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தாள். நான் சும்மா இருப்பேனா? போன வருஷம் மூடி போட்ட டப்பா கொடுத்து எல்லோர் வாயையும் பிளக்க வைத்தேன். இந்த வருஷம் முப்பத்தைந்து பெண்களுக்கு எப்படிப் பார்த்தாலும் இரண்டாயிரம் ஆகும். பரிசு கொடுத்தால் கொடி போய்விடும். கொடுக்காவிட்டால் மானம் போய்விடும். "தாயே, இன்னொரு இரண்டாயிரம் கொடு" என்று கெஞ்சினேன். ஒரு ரூபாய்கூட வரவில்லை.

கொலுவின் முதல் நாள் மாலை, தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு வாழைப்பழம், பக்கத்தில் சுண்டல். அவ்வளவுதான். சாமான் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை என்று சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். முதலில் வந்தவர் முத்துலட்சுமி அக்கா, சூப்பர்வைசரின் மனைவி. எங்கள் எல்லோரையும்விடப் பெரிதாகக் கொடுக்கிறவர். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணை மூடி அம்பாளைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தால், தயாராக வைத்திருந்த பொய் வரவில்லை.

"அக்கா, தாலிக் கொடி அடகுல இருக்கு. அத மீட்கிற பணத்துல பரிசு வாங்க மனசு வரல."

அக்கா பொத்தென்று பாயில் உட்கார்ந்தார்.

"ஏண்டி கலா, இத நீ போன வருஷமே சொல்லியிருக்கக் கூடாதா? நீ டப்பா குடுத்தேன்னு நான் தட்டு குடுத்தேன். அந்தப் பாத்திரக்காரனுக்கு இன்னும் தவணை கட்டிட்டிருக்கேன்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பிலேயே எனக்கு அழுகையும் வந்துவிட்டது. அக்கா அன்றே வீடு வீடாகப் போய், இந்த வருஷம் யார் வீட்டிலும் சுண்டல்தான் என்று சொல்லிவிட்டார். ஒருத்தி முகமும் சுருங்கவில்லை. என் கஷ்டத்தை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. விஜயதசமிவரை எந்த வீட்டுப் படியிலிருந்தும் பாத்திரம் இறங்கவில்லை. சுண்டலை மட்டும் எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் கொடியை மீட்டோம். பூஜையறையில் வைத்து வீட்டுக்காரர் அதை என் கழுத்தில் போட்டபோது, இரண்டாம் முறை கல்யாணம் ஆனதுபோல் வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் ஒரு பைசா கடன் வாங்கவில்லை. செலவு நோட்டு ஏழாவதாக ஓடுகிறது.

நான் இரண்டு வருஷம் பணம் கேட்டேன். அம்பாள் எனக்கு உண்மையைச் சொல்லும் தைரியத்தைக் கொடுத்தாள். உங்கள் வீட்டில் யாராவது கழுத்தைப் போர்த்திக்கொண்டு நடந்தால், கூச்சப்படாமல் அம்பாளிடம் கேளுங்கள். நிச்சயம் கொடுப்பாள்.

நவராத்திரியில் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். சுண்டல் வேண்டிய மட்டும் உண்டு. டப்பா மட்டும் நீங்களே கொண்டு வரவேண்டும்.