விடுதிக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார்

‘ஆண்களுக்கு இதற்கு மேல் அனுமதி இல்லை’ என்ற பலகைக்குக் கீழே, கையில் பூப் பையோடு ஒரு மாப்பிள்ளைப் பையன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். விடுதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முதலில் நினைவு வருவது அந்தக் காட்சிதான். அடையாற்றில் இருந்த பல்கலைக்கழகப் பெண்கள் விடுதி அது. அஞ்சல் வழியில் பி.எட். படிக்கும் எங்களைப் போன்ற பள்ளி ஆசிரியைகளைக் கோடை விடுமுறையில் அங்கே தங்கவைத்து வகுப்பு நடத்துவார்கள். மாணவிகள் ஊருக்குப் போனபின் அவர்கள் கட்டிலில் நாங்கள்; அவர்கள் ஒட்டிய நடிகர் படங்களுக்குக் கீழே எங்கள் மாத்திரை டப்பாக்கள்.

என் அறைத்தோழியைக் கோவில்பட்டி டீச்சர் என்போம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முதல் வாரம் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. விடியுமுன் எழுந்துவிடுவார், அடுப்பில்லாத அறையில் என்ன செய்வதென்று தெரியாமல் என் துணிகளையும் சேர்த்து மடித்து வைப்பார். யார் கேட்டார்கள்? ஆனால் வகுப்பு என்று வந்துவிட்டால் ஆளே வேறு. ஒரே ஒரு வகுப்பு தவறினாலும் தேர்வு எழுத விடமாட்டார்கள். முந்தைய கோடையில் மாமியாரின் திதிக்கென்று ஊருக்குப் போய்வந்ததில் அவருக்கு ஒரு வருடமே வீணாகியிருந்தது. இந்த முறை விடுவதில்லை என்றுதான் வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து டீச்சரின் கணவர் போன் செய்தார். மகளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள், கிளம்பி வா என்றார். மாப்பிள்ளை வீடு எங்கே என்று டீச்சர் கேட்டார். மேற்கு மாம்பலமாம்.

“அவுக மாம்பலத்துல இருக்காக, நா அடையாத்துல இருக்கேன். ரெண்டு பேரும் ரயிலேறிக் கோவில்பட்டிக்கு வரணுமாக்கும்? பிள்ளையக் கூட்டிட்டு நீங்க இங்க வாங்க.”

“பொண்ண வீட்டுலதான பாப்பாக! ஊரு சிரிக்காதா?” என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

“நா இருக்கிற இடந்தான் அவளுக்கு வீடு” என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

வார்டன் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு, பார்வையாளர் அறையில், மதிய இடைவேளையில் மட்டும் என்று இறங்கிவந்தார். வெள்ளியன்று நாங்கள் ஆறேழு பேர் மாடியில் கூடி, அப்பாவோடு வந்திறங்கிய அந்தப் பெண்ணுக்குப் புடவை கட்டிவிட்டோம். ஆளுக்கொரு நகை கொடுத்தோம், ஆளுக்கொரு யோசனையும் சொன்னோம். மெஸ் தட்டுகளில் கேசரி வைத்தது நான்.

“மாப்ள ஊட்டுக்காரங்க வந்துகீறாங்கோ! ஆஸ்டல்ல பொண்ணு பாக்குறத இப்பத்தாம்மா பாக்குறேன்” என்று வாட்ச்மேன் வந்து சொன்னபோது இடைவேளை முக்கால்வாசி முடிந்திருந்தது. தி.நகரில் டிராஃபிக்காம்.

பெண் வந்து வணங்கி உட்கார்ந்தாள். வகுப்பு மணி அடித்தது. டீச்சர் எழுந்துவிட்டார்.

“இன்னும் பேசவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள எங்க எழுந்துட்டீங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“வகுப்புக்கு நேரமாச்சுங்க. தம்பியப் பாத்துட்டேன், எனக்குப் பிடிச்சிருக்கு. எம்மகளும் வேலைக்குப் போறவ. அவளும் இப்படித்தான் நடுவுல எந்திரிச்சுப் போவா. அது சரின்னா மேல பேசுங்க.”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

போய்த் தகவல் சொல்கிறோம் என்று அவர்கள் கிளம்பியிருந்தார்கள். தகவல் வரவேயில்லை. டீச்சர் தேர்வு எழுதித் தேறினார்.

இந்தக் கோடையில் நான் ஒரு பயிற்சிக்காக வேறொரு விடுதியில் இருக்கிறேன். ஏ.சி. அறை, வருகைக்குக் கட்டைவிரலை வைத்தால் போதும். ‘விசேஷம், ஒரு நாள் வந்துட்டுப் போயேன்’ என்று வீட்டிலிருந்து வரும் போன் மட்டும் மாறவில்லை. முடியாது என்று சொல்ல நான் இப்போதெல்லாம் யோசிப்பதில்லை.

பெண் பார்க்க வந்த அன்று மாலை வகுப்பு முடிந்து நாங்கள் விடுதிக்குத் திரும்பியபோது, அந்தப் பெண் பட்டுப்புடவையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்க்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை. சற்றுத் தள்ளியே நின்றுவிட்டார். அவள்தான் எழுந்து வந்து முதலில் கேட்டாள்:

“அட்டெண்டன்ஸ் கிடைச்சிருச்சாம்மா?”