தூண்டிலுக்கு ஓர் உறை

புது ரெக்சினின் நெடி மூக்கில் ஏறினால் இன்றும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த நெடியோடு ஓர் உறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்காக ஒரு மார்கழி மாதத்தையே நாங்கள் காத்துக் கழித்திருந்தோம்.

அறுபதுகளின் கடைசி. சேக்காட்டில் இருந்தோம். அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். பாரிவாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து ஆவடித் தொழிற்சாலைக்குப் போன முதல் ஆள் அவர். உதிரி பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலை. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்ததும் அவர்தான். அந்தத் தம்பி, எங்கள் சித்தப்பா, அண்ணன் பார்த்துவைத்த வேலையை உதறிவிட்டுச் சரக்குக் கப்பலில் ஏறியதிலிருந்து நைனா அவரோடு பேசுவதில்லை. லீவில் சித்தப்பா வந்து எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவன் சாப்பிட்டானா என்று அம்மாவைத்தான் கேட்பார்.

அந்த வருடம் சித்தப்பா இரண்டு தூண்டில்கள் கொண்டுவந்தார். ஒரு கை நீளம்கூட இல்லை; கைப்பிடியில் நூல் சுற்ற ஒரு சின்ன ராட்டை, நுனியோ தென்னை ஈர்க்கைவிட மெல்லிசு. வடக்கே ஏதோ ஒரு துறைமுகத்துப் பக்கம் ஏரியே பாறையாக உறைந்துவிடுமாம், அதில் ஓட்டை போட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பார்களாம். நானும் தம்பியும் நம்பவில்லை. ஒன்று தனக்கு, ஒன்று அண்ணாத்தைக்கு என்று அம்மாவிடம் சொன்னார். சின்ன வயதில் இருவரும் மூங்கில் குச்சியோடு பாரிவாக்கம் ஏரிக்கரையில் கிடந்தவர்கள்தானே.

நைனா தூண்டிலைக் கையில் வாங்கி, நுனியை மெதுவாக வளைத்துப் பார்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனால் ஏரிக்குப் போய்ச் சேருவதற்குள் முறிந்துவிடும், உறை ஒன்று வேண்டும் என்றார்.

அன்று தொடங்கியது உறை தேடும் வேலை. நான் கொடுத்த குடை உறை துணி என்பதால் தள்ளுபடி. ஜவுளிக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைக் குழல் பனியில் நமுத்துப்போகும். மூங்கில் குழாயின் கணுவைக் குடைந்து பார்த்தார்கள். உள்ளே சிலாம்பு நுனியைக் கீறியது. தகரக் குழாயில் போட்டு ஆட்டினால் தூண்டில் ‘லொடலொட’ என்றது. இதற்கெல்லாம் நடுவில், எப்போது என்று தெரியாமலே, அண்ணன் தம்பி இருவரும் நேராகப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். உறையைப் பற்றி மட்டும்தான். அடுப்படியிலிருந்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா பொறுமையிழந்து, “பழைய வேட்டில சுத்திகினு போலாம் அண்ணாத்தே. ஒடைஞ்சா ஒடைஞ்சிட்டுப் போவுது” என்றார்.

“ஒடைஞ்சா இங்க எவன் குடுப்பான்? உறை வரட்டும், போலாம்” என்றார் நைனா.

தகரக் குழாய்க்கு உள்ளே பஞ்சு வைத்து, வெளியே ரெக்சின் போர்த்தி, தோளில் மாட்ட வாரும் வைத்துத் தைக்கச் சொல்லி, பூந்தமல்லியில் சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பவரிடம் கொடுத்தார். அது தயாராகிற நாளில் கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறது என்று தந்தி வந்தது. நைனா பூந்தமல்லிக்குப் போயிருந்தார். சித்தப்பா வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துப் பார்த்து, ரயிலுக்கு நேரமாகிவிடவே, அடுத்த லீவில் போகலாம் என்று அண்ணாத்தையிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் நைனா வியர்வையோடு, அந்தக் கறுப்பு உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அம்மா சொன்னதும் அப்படியே சைக்கிளைத் திருப்பி ஸ்டேஷனுக்கு மிதித்தார். வண்டி போய்விட்டிருந்தது.

அடுத்த லீவு வரவில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கண்டு சித்தப்பா இறந்துபோனதாகச் செய்திதான் வந்தது, அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

காரியம் முடிந்த மறுநாள் நைனாவைக் காணோம் என்று அம்மா என்னைத் தேட அனுப்பினாள். ஏரிக்கரையில், உறையை மடியில் கிடத்தி, அதன் வாயைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

“அவங்கூட தனியா போய்க் குந்திகினு இன்னா பேசறதுன்னு தெரியலம்மா. அதான் உறை, உறைன்னுகினே இருந்துட்டேன்.”

அதற்குப் பிறகு அவர் தூண்டிலைத் தொடவில்லை. என் தம்பியின் கல்யாணத்துக்கு வீடு இடித்துக் கட்டியபோது உறையும் தூண்டில்களும் எந்த மூட்டையோடு போயினவோ, யாருக்கும் தெரியவில்லை. நைனாவும் போய்ப் பல வருடங்களாகிவிட்டன.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போனேன். ஏரி பாதியாகச் சுருங்கி, மிச்சத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ஓரத்தில் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு எல்லோரும் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். புல் முளைத்த அந்த மண்கரையைக் காணோம். இரண்டு பேர் ஒன்றுமே பேசாமல், காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அந்தக் கரையே போதுமானதாக இருந்திருக்கும்.