கருவாட்டுக் குழம்பு நேரலையில் ஒரு ஊர்க்கூட்டம்

ஹெட்போன் பஞ்சில் எப்போதும் தேங்காயெண்ணெய் வாசனை அடிக்கும்... அறிவிப்பாளர்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஹெட்போன்.

கல்பாக்கம் பக்கம் ஒரு சின்ன சமுதாய வானொலி. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போவேன். என் முதல் வேலை. சுற்றியிருந்த மீனவக் குப்பங்களைத் தாண்டி எங்கள் ஒலிபரப்பு போகாது. ஆனால் அந்தக் குப்பங்களில் நாங்கள் வைத்ததுதான் சட்டம் என்று எனக்கு ஒரு மிதப்பு.

சேர்ந்த அன்றே டைரக்டர் சார் சொல்லிவிட்டார்: "அரசியல் பேச்சே வரக்கூடாதும்மா. யாராவது ஆரம்பிச்சா லைனை கட் பண்ணிடு. லைசென்ஸ் போயிடும்."

நல்ல மனுஷன்தான். என்ன, கொஞ்சம் பயந்த மனுஷன்.

சாயங்காலம் சமையல் போன்-இன் என்னுடையது. அது முடிந்ததும் கடல் செய்தி படிப்பேன்... காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், நாளைக்குப் படகை இறக்கலாமா. இதைக் கேட்பதற்காகவே குப்பங்களில் கோயில் ஸ்பீக்கரில் ரேடியோவை மாட்டி வைப்பார்கள்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் அஞ்சலை அக்கா என்று ஒருவர். மீன் விற்கிறவர். எங்களுக்கு வாரம் தவறாமல் போன் செய்கிற நேயர். "அடுத்த வாரம் கருவாட்டுக் கொழம்பு வையி கண்ணு" என்று கேட்டிருந்தார். ஆசையாகக் கேட்கிறாரே என்று அதையே அந்த வார நிகழ்ச்சிக்கு வைத்தேன்.

அன்றைக்கு முதல் கால் அவருடையதுதான். வணக்கம் சொன்னதுமே குரல் இரண்டு மூன்றாக எதிரொலித்து, கொய்ங் என்று காதைக் கிழித்தது.

"அக்கா, ரேடியோ சவுண்டைக் கம்மி பண்ணுங்க."

"அது என் கையில இல்ல கண்ணு. கோயில் ஸ்பீக்கர்ல கீது. ஊர்க்கூட்டம் நடக்குது. ஆம்பளைங்கல்லாம் குந்திகினு கீறாங்க. நாங்க பொம்பளைங்க கோயிலு பின்னால நின்னுகினு பேசறோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குப்பத்து விஷயம் பஸ்ஸிலேயே காதில் விழுந்திருந்தது. புதிதாக வந்த ஒரு ரிசார்ட், அம்மன் கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருகிறோம், பதிலுக்குக் கார் நிறுத்த உங்கள் மணல் திடலைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தது. பெண்கள் கருவாடு காய வைக்கிற திடல் அது. படகு இறங்காத மழை மாதங்களில் வீட்டு அடுப்பு எரிவதே அந்தக் கருவாட்டால்தான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசக்கூடாது, உட்காரவும் கூடாது. முடிவு சொல்லப்போவது ஆண்கள் மட்டும்.

அதனால்தான் கூட்டத்தின் தலைக்கு மேலே மாட்டியிருந்த ஸ்பீக்கர் வழியாகப் பேச வந்திருக்கிறார்கள்!

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டைரக்டர் சார் கத்தரி வெட்டுவதுபோல் விரலை ஆட்டினார்.

"அக்கா, இது சமையல் நிகழ்ச்சி. குழம்பைப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"கொழம்பு அப்பால கண்ணு. மொதல்ல கருவாடு காயணும்ல? நெத்திலிய அலசி, மணல்ல வலைய விரிச்சுக் கொட்டணும். நல்லா கடக்காத்து படணும். அங்க காரு நின்னா நெத்திலி எங்க காயும்?"

"உப்பு எவ்வளவுக்கா போடணும்?" என்று அவசரமாக இழுத்துப் பிடித்தேன்.

"நெத்திலிக்கு உப்பே வாணாம். மணலு போதும்."

சமையல்தானே சார் என்று கண்ணாடியைப் பார்த்துக் கையை விரித்தேன்.

அடுத்து இன்னொரு அம்மா. "ஆடி மாசம் ஆத்தாவுக்குக் கூழு ஊத்தி கருவாட்டுக் கொழம்புதான் படைக்கறோம். திடலக் குடுத்துட்டு கோபுரம் கட்டிக்கினு, ஆத்தாவுக்கு இன்னாத்த வைப்பாங்க?"

சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண் நான். எனக்கே புல்லரித்தது.

கடல் செய்திக்கு நேரமாகிவிட்டது. பேப்பர் கையில் இருக்கிறது. படித்து முடித்த மறு நிமிஷம் ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்கள். படிக்காத வரைக்கும் எவனும் அதைத் தொடமாட்டான்.

"கடல் செய்தி இதோ வருகிறது... அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு நேயர்" என்றேன். அப்புறம் இன்னும் ஒரே ஒரு நேயர். அப்புறமும்...

டைரக்டர் சார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தேவிட்டார். அந்த நேரம் பார்த்து வந்த கால், ஊர்த்தலைவரின் மனைவி.

"எங்க வூட்டு ஆளு இங்கதான் குந்திகினு கீறாரு. பேரு சொல்ல மாட்டேன். வாளக் கருவாடு இல்லாம அவருக்குச் சோறு எறங்காது. காரு வந்துச்சின்னா அவரு துன்றது எப்புடின்னு அவரையே கேட்டுச் சொல்லு கண்ணு."

ஸ்பீக்கரைத் தாண்டி, கூட்டம் மொத்தமும் சிரிப்பது போனில் கேட்டது. டைரக்டர் சார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸைப் பற்றி அன்றைக்கு அவர் மூச்சு விடவில்லை.

கடல் செய்தியைப் படித்துவிட்டு வெளியே வந்தால் ஆபீஸ் போன் அடிக்கிறது. அஞ்சலை அக்கா.

"தலைவரு எழுந்து, கோபுரத்த நாமளே கட்டிக்கலாம்பா, திடலு பொம்பளைங்களுதுன்னு சொல்ட்டாரு கண்ணு. கேக்குதா?"

கேட்டது. பின்னால் குலவைச் சத்தம். நானும் அங்கேயே நின்று கத்தினேன். அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன், அந்தச் சாயங்காலம் மாதிரி ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது மறைமலைநகரில் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஆளுக்கொரு இயர்போன். எவர் எதைக் கேட்கிறார் என்று பக்கத்து சீட்டுக்கே தெரியாது.

போன மாதம் அந்தக் குப்பத்துக்குப் போயிருந்தேன். திடல் முழுக்க நெத்திலி. அன்று ஊர்க்கூட்டமும் நடந்தது. முன்வரிசையில் பெண்கள். மைக் அஞ்சலை அக்கா கையில்.

கூட்டம் முடிந்ததும் கேட்டேன்: "ரேடியோவுக்கு இப்பல்லாம் குப்பத்துலேர்ந்து போனே வர்றதில்லையாமேக்கா?"

"எதுக்குக் கண்ணு? பேச வேண்டியத இங்கயே பேசிட்டோமே."

கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது... ஆனால் பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் நடந்தேன்.