அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது

என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆப்பிரிக்கா போனார். நானும் மகளும் சங்ககிரியில் இருந்தோம்.

ஏழாவது மாதம் ஒருநாள் போனில், "தூக்கமே வர்றதில்ல. பேசக்கூட ஆளில்ல. ஊட்டுக்கு வந்தறட்டுமா புள்ள?" என்று கேட்டார்.

"பாதியில வந்தா சனம் என்னங்க பேசும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்றேன்.

மறுநாள் மகளிடம், "அம்மாவ நல்லாப் பாத்துக்க சாமி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதன்பின் அவர் போன் அணைந்தே கிடந்தது.

இரண்டு நாள் விடாமல் கூப்பிட்டேன். அங்கே வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. திருச்செங்கோட்டில் அவரை அனுப்பிய ரிக் கம்பெனி ஆபீஸுக்கு ஓடினேன். "காட்டுக்குள்ள சிக்னல் இருக்காதுங்க" என்றார் மேனேஜர். நான் தரையில் உட்கார்ந்து கதறிய பிறகுதான், அந்த நாட்டுத் தமிழ்ச் சங்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் நம்பரைத் தேடிக் கொடுத்தார்.

நான் கூப்பிட்டுச் சொன்னதும், முகம் தெரியாத அந்த அக்கா என் கணவர் தங்கியிருந்த இடத்துக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், பூட்டிய அறைக் கதவை உடைக்க வைத்தார். சாக முடிவெடுத்து, சாப்பிடாமல் சுருண்டு கிடந்திருக்கிறார் என் கணவர். போனில் என் குரல் கேட்டதும், "இப்பவாவது வரலாமா?" என்றார்.

அக்கா தன் வீட்டில் வைத்து, மனநல மருத்துவரிடம் காட்டி, துணையோடு ஊருக்கு அனுப்பி வைத்தார். கணவர் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். அவர் பேசாமல் இருக்கும் நாளில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் யார் வெளிநாடு கிளம்பினாலும், அங்கே கூட இருப்பவர் நம்பரையும் தமிழ்ச் சங்க நம்பரையும் வாங்கி வைக்கும்படி அவர்கள் மனைவியிடம் சொல்கிறேன். கூச்சப்படுகிறவர்களுக்கு நானே கேட்டு வாங்கித் தருகிறேன்.