சுவரோடு நின்ற முருகன்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், ரூ காய் என்ற தெருவிலிருந்த தமிழ்க் கடையொன்றில் அந்தத் தஞ்சாவூர் ஓவியத்தைப் பார்த்தபோது எனக்குப் பக்தி ஒன்றும் பொங்கவில்லை. தங்கத்தாள் ஒட்டி, சிவப்புக் கல் பதித்த, கன்னம் உப்பிய ஒரு முருகன். பிடித்துப்போயிற்று. 2009ஆம் ஆண்டுக் கோடை அது. ஊரில் தம்பி வன்னிப் போரில் காணாமல் போயிருந்தான். வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. சுவராவது கொஞ்சம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று வாங்கி, வீடிருந்த செவ்ரானுக்கு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

அம்மா கண்டதும் சீறினார்.

"ஆரடா உன்னை இப்ப சாமிப்படம் வாங்கச் சொன்னது? துடக்கு வீட்டிலை புதுப்படம் மாட்டுறதோ?"

"என்ன துடக்கு? தம்பி செத்தவனெண்டு ஆர் சொன்னது?"

"இருக்கிறானெண்டு ஆர் சொன்னது?"

சாவு விழுந்த வீட்டில் துடக்குக் கழியும்வரை விளக்கேற்றமாட்டோம், சாமிப்படத்தைத் தொடமாட்டோம். ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? மாட்டினால் தம்பி இருக்கிறான், மாட்டாவிட்டால் இல்லை என்று ஆகிவிட்டது. முருகன் கடையில் சுற்றிய மட்டைத்தாளோடு அலுமாரிக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றார். அம்மா பழைய படங்களுக்கு ஒரு நாள் விளக்கேற்றுவார், ஒரு நாள் ஏற்றமாட்டார்.

"கடையிலை திருப்பிக் குடுங்கோவன்" என்றாள் மனைவி. எரிந்து விழுந்தேன். திருப்பிக் கொடுப்பதும் ஒரு பதில்தானே!

இரண்டு வருடங்கள் அப்படியே போயின. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருகிறேன், முருகன் சுவரில் பளபளவென்று தொங்குகிறார். கீழே விளக்கு, ஊதுபத்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி எங்கோ ஒரு முகாமில் இருப்பதாகச் செய்தி வந்திருக்க வேண்டும்! சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சதோ?"

முழுகிய தலையோடு அம்மா கறியைக் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இல்லையடா. போன மாதம் நானே ஒரு நாளைக் குறிச்சன். அந்த நாளிலையிருந்து துடக்குக் காத்தன். இண்டைக்குக் கழிஞ்சிட்டுது."

எங்கள் வீட்டிலேயே ஒரு செத்தவீடு நடந்து முடிந்திருக்கிறது. அந்த மாதம் முழுவதும் நான் மீன் தின்றுகொண்டு, தொலைக்காட்சி பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அவன் என்ரை தம்பியெல்லோ! எனக்கேன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

அம்மா அடுப்பை அணைத்தார்.

"நீயாவது இன்னுங் கொஞ்சநாள் அவன் இருக்கிறானெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டுமெண்டுதான்."

நான் குசினி நிலத்தில் குந்திவிட்டேன். தம்பிக்காக அன்றைக்குத்தான் அழுதேன்.