உம்மாவின் இத்தாவும் ஊசிவால் குளவியும்

சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு கல்முனைக்குடி முகாமில் எங்களுக்குக் கிடைத்தது பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டில். வாப்பாவைக் கடல் கொண்டுபோனது; அடக்கம் செய்ய அவர் ஜனாஸாகூடக் கிடைக்கவேயில்லை. உள்ளறையில் வெள்ளைச் சேலையோடு உம்மா, கணவனை இழந்தவர்களுக்குரிய இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வரக்கூடாது என்றார்கள். எதற்காக என்று ஏழு வயதுக்காரியிடம் யார் சொல்வார்கள்? நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, உம்மாவின் பாய்க்குப் பக்கத்து மரத்தூணில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. அதன் வாலில் உடம்பைவிட நீளமான ஊசி. அதை வளைத்து மரத்துக்குள் இறக்கத் தொடங்கியது. மரத்தையே துளைக்கிறதென்றால் உம்மாவை என்ன செய்யும்! நான் போட்ட கூச்சலில் மாமா ஓடி வந்தார்.

மாமா உம்மாவின் தம்பி. தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக் கடலுக்குத் தப்பிய கதையை முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்த வீரர். ஊசியைக் கண்டதும் வாசலுக்கே பின்வாங்கிவிட்டார்.

“ராத்தா, இது கொட்டினா ஆள் முடிஞ்சிரும். எழும்பி அடுத்த கொட்டிலுக்குப் போங்க. நான் பந்தம் கொளுத்தி இதச் சுட்டுப்போடுறன்.”

“இத்தாவில இரிக்கன்டா. எப்பிடி வெளிய வாற?” என்றார் உம்மா.

“உசிருக்கு ஆபத்தெண்டா வரலாம் ராத்தா.”

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தார். நான் பாய்ந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டேன்.

“போகாதீங்க உம்மா! இப்ப வெளிய போனா நாள்கணக்குப் பிழச்சிரும். பொறகு வாப்பா வரமாட்டார்!”

உம்மா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். மாமா என்னைப் பார்த்தார். மெதுவாக உள்ளே வந்து, குளவிக்கும் உம்மாவுக்கும் நடுவில், துவாயால் தலையை மூடிக்கொண்டு குந்தினார். பின்னேரம் அஸர் பாங்கு கேட்கும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் அசையவில்லை. குளவி தன் வேலையை முடித்துக்கொண்டு யாரையும் சட்டை செய்யாமல் பறந்துபோனது.

அது மனிதரைத் தேடிக் கொட்டுகிற சாதியே இல்லை, மரத்துக்குள் இருக்கும் வண்டுப் புழுவின்மேல் முட்டையிட வந்தது என்று வெகுகாலம் கழித்து அறிந்தேன். மாமாவை நினைத்துச் சிரிப்பு வந்தது. அவர்மேல் எனக்கிருக்கும் பாசமெல்லாம் அந்தப் பகலில் தொடங்கியதுதான்.

அன்று உம்மா முக்காட்டுக்குள் தேம்பித் தேம்பி அழுதார். குளவிக்குப் பயந்துதான் அழுகிறார் என்று நினைத்தேன்.

“அது போயிற்று உம்மா, அழாதீங்க. இன்னும் பதினெட்டு நாள்தானே” என்று அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.