சந்தனப் பொட்டு வைத்த கொப்பி

கொப்பியின் அட்டையில் சந்தனப் பொட்டு இன்னும் இருக்கிறது, குங்குமம்தான் உதிர்ந்துவிட்டது. அது அண்ணி ஜெர்மன் பாடம் எழுதிய கொப்பி. அண்ணி இப்போது ஜெர்மனியில் தாதியர் பயிற்சியில் இருக்கிறார். கொப்பி மட்டும் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டில், என்னிடம்.

இருவரும் ஒன்றாகத்தான் நுவரெலியாவுக்கு ஜெர்மன் வகுப்புக்குப் போனோம். அண்ணனைக் கட்டி வந்து ஒரு வருடம்கூட ஆகாத அண்ணி, வாரமெல்லாம் கொழுந்தெடுத்துவிட்டு சனிக்கிழமை வகுப்புக்கு வருவார். நானோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பவள். இந்த லயத்திலிருந்து முதலில் விமானம் ஏறுவது நான்தான் என்று ஊருக்கே தெரியும். ஆரம்ப வகுப்புகளில் நானே முந்தினேன். இடைநிலை இலக்கணம் வந்ததும் எல்லாம் தலைகீழானது. காரணம் சொல்லும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகவேண்டும் என்ற விதியோடு, ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் மல்லுக்கட்டினேன். அண்ணி சிரித்தார். "நம்ம பேசுற மாதிரிதானே தங்கச்சி, வினை கடைசில வந்து நிக்குது." 'உள்ளே' என்ற ஒரே முன்னிடைச்சொல்லுக்கு இரண்டு வேற்றுமை வருமென்றபோது வகுப்பே திருதிருவென்று விழித்தது. "கூடைக்குள்ள போடுற கொழுந்துக்கு ஒன்னு, கூடைக்குள்ள கெடக்குற கொழுந்துக்கு இன்னொன்னு, அப்படித்தானே டீச்சர்?" என்றார் அண்ணி. டீச்சர் அதையே பலகையில் எழுதினார். அன்று பஸ்ஸில் அண்ணி பிடித்து வைத்த இடத்தில் உட்காராமல் பின் இருக்கைக்குப் போனேன்.

பரீட்சை விஜயதசமியன்று கொழும்பில். சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்குவது எங்கள் வீட்டில் என் வேலை. மூன்று நாள் முன்பே அண்ணியின் கொப்பியைத் தேடி எடுத்து, பொட்டு வைத்து, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். அவர் கைப்பட எழுதிய விதிகள் எல்லாம் அந்த ஒரு கொப்பியில்தான் இருந்தன.

"பரீட்சைக்குப் பாக்கணுமே தங்கச்சி" என்றார்.

"சாமிக்கு வச்சத எடுக்கக் கூடாது அண்ணி."

அம்மாவும் ஆமாம் போட்டார். புது மருமகள் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் நான் அதன் பக்கங்களை எல்லாம் முன்கூட்டியே என் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். குளிக்கப் போகிறேன் என்று தண்ணீர் கொட்டும் பீலிப் பக்கம் போய் நின்று அதைப் படித்தேன். அண்ணி நினைவிலிருந்த விதிகளை வாய்க்குள் முணுமுணுத்தபடி கொழுந்தெடுத்தார். பூசையில் வைத்த ஏடுகளை விஜயதசமியன்று பிரிப்பதற்கு முன்பே இருவரும் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டோம்.

அண்ணி தேறினார். நான் தேறவில்லை.

மறுபடியும் பரீட்சை எழுதப் போகிறேன். இந்த வருடமும் பூசை வந்துவிட்டது. இன்று காலை அண்ணி போனில் பேசினார். சாப்பாடு, குளிர் எல்லாம் சொல்லிவிட்டு, "கொப்பிய பூசைக்கு வச்சிராதீங்க தங்கச்சி, எடுத்துப் படிங்க. சாமி கோவிச்சுக்காது" என்றார். பிறகு, "போன்ல எழுத்து சின்னதா தெரியும், கண்ணு வலிக்கும்" என்றார்.

பீலிப் பக்கம் நான் போனில் படித்தது அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இதிலும் அவரே முந்திக்கொண்டார். பூசைக்குப் புத்தகங்களை அடுக்கிவிட்டேன். பொட்டு வைத்த கொப்பி மட்டும் என் மடியில் இருக்கிறது.